எஞ்சினைத் திறக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி: மோட்டார் கடையின் கணிப்பு தவறினால் என்ன செய்வது?

புக்கிட் செந்தோசா – "ரிங் போயிடுச்சு, பிளாக் போர் அடிக்கணும்." மோட்டார் கடையில் இதைக் கேட்டதும் பலருக்கு அந்த மாதத்துக் கணக்கே மாறிவிடுகிறது. கையிலிருந்த பணமும் கடன் வாங்கிய பணமும் சேர்ந்து எஞ்சினுக்குப் போகின்றன. இரண்டு வாரம் கழித்து அதே புகையோ அதே சத்தமோ திரும்ப வந்தால், "இப்போது ஹெட்டில் பிரச்சினை" என்று வேறொரு காரணம் சொல்லப்படுகிறது. முதலில் மாற்றியது தேவையே இல்லாத வேலையா என்ற சந்தேகம் அப்போதுதான் எழுகிறது.

உலு சிலாங்கூரின் புக்கிட் செந்தோசா, புக்கிட் பெருந்தோங் குடியிருப்புகளிலும், மேற்கே பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டப்புறங்களிலும் மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருள் அல்ல. ரவாங், செரெண்டா பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போவதும், பிள்ளையைப் பள்ளியில் விடுவதும், கிளினிக்குக்கு ஓடுவதும் பெரும்பாலும் ஒரு கப்சாயில்தான். வண்டி ஒரு வாரம் கடையில் நின்றால் அந்த வாரச் சம்பளத்திலும் கை வைக்கும். ஆகவே தவறான கணிப்பு எப்படி நேர்கிறது, அதை எப்படித் தவிர்ப்பது, நேர்ந்துவிட்டால் எங்கே போவது என்பதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

கணிப்பு ஏன் தவறுகிறது?

எல்லாத் தவறும் ஏமாற்று வேலை அல்ல. எஞ்சினில் ஒரே அறிகுறிக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றைப் பிரித்தறியச் சோதனை தேவை. சோதனைக்கு நேரம் தேவை. வாடிக்கையாளரோ மாலைக்குள் வண்டி வேண்டும் என்கிறார். அதோடு, நம்மில் பெரும்பாலோர் புதுப் பாகத்துக்குப் பணம் தருவோம்; அரை மணி நேரம் சோதித்துப் பார்த்ததற்குக் கூலி கேட்டால் முகம் சுளிப்போம். பாகம் மாற்றினால்தான் வருமானம் என்ற நிலையில், சோதிக்காமல் அனுபவத்தை வைத்து ஊகித்து, பாகத்தை மாற்றிப் பார்க்கும் பழக்கம் வளர்ந்துவிடுகிறது. ஊகம் பல முறை சரியாகவும் இருக்கும். தவறும்போது அதன் செலவு வாடிக்கையாளர் தலையில் விழுகிறது.

ஒரே அறிகுறி, வெவ்வேறு காரணங்கள்

புகை: நீலம் கலந்த புகை, எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். எண்ணெய் எரியும் அறைக்குள் வர இரண்டு முக்கிய வழிகள் உண்டு. ஒன்று, தேய்ந்த பிஸ்டன் ரிங் அல்லது பிளாக். மற்றொன்று, வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள சிறிய ரப்பர் சீல். இரவு முழுக்க நிறுத்திய வண்டியைக் காலையில் கிளப்பும்போது ஒரு கொத்துப் புகை வந்து பிறகு அடங்கினால், அல்லது இறக்கத்தில் த்ராட்டலை விட்டு மறுபடி முறுக்கும்போது மட்டும் புகைத்தால், சீல் மீது சந்தேகப்பட இடமுண்டு. வேகமெடுக்கும்போது தொடர்ந்து புகைத்து, இழுவையும் குறைந்தால் ரிங்கைச் சந்தேகிக்கலாம். சீல் மாற்றுவது பிளாக் வேலையைவிட மிகச் சிறிய வேலை. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகிறது என்று பொருள். அடைத்த காற்று வடிகட்டியே காரணமாக இருக்கலாம். குளிர்ந்த காலையில் சற்று நேரம் தெரியும் மெல்லிய வெள்ளை ஆவி வெறும் நீராவி. ஆனால் எல்.சி.135, ஒய்15 போன்ற நீரால் குளிரும் வண்டிகளில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, குளிர்நீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

இழுவைக் குறைவு: எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் கிளட்ச் வழுக்குகிறது. பிளாக்கைத் திறந்தால் இது தீராது. கப்சாய்களில் கிளட்சும் கியரும் எஞ்சின் எண்ணெயிலேயே நனைந்து ஓடுகின்றன. உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உள்ள கார் எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். மோட்டார் சைக்கிளுக்கு உரிய எண்ணெய்ப் போத்தலில் 'ஜாசோ எம்.ஏ.' என்ற ஜப்பானியத் தரக் குறியீடு இருக்கும். இறுகிய பிரேக்கும் கரி அடைத்த புகைக்குழாயும்கூட இழுவையைக் குறைக்கும்.

சத்தம்: "கன்ராட் போச்சு" என்றால் எஞ்சின் முழுவதும் பிரிபடும். அதே போன்ற 'கட கட' சத்தம் தளர்ந்த டைமிங் செயினிலிருந்தோ வால்வு இடைவெளி கூடியதாலோ வரலாம். வால்வு இடைவெளி என்பது மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. அதைச் சரிசெய்யப் புதுப் பாகமே தேவையில்லை. நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதருகே கொண்டுபோய் எந்தப் பக்கம் சத்தம் என்று கேட்பது பழைய மெக்கானிக்குகள் அறிந்த முறை. சில வேளை தளர்ந்த புகைக்குழாய் ஆணிகூட இப்படி ஏமாற்றும்.

கிளம்பாமை: பெட்ரோல் வருகிறதா, பிளக்கில் பொறி வருகிறதா, அழுத்தம் இருக்கிறதா என்ற வரிசையில் பார்த்தால்தான் காரணம் பிடிபடும். மழைக் காலத்தில் கார்புரேட்டர் கிண்ணத்தில் தண்ணீர் தேங்குவது சாதாரணம். எஃப்.ஐ. வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்பதே கோளாற்றின் எண். ஹோண்டாவில் நீளமான சிமிட்டல் பத்தையும் குட்டையானது ஒன்றையும் குறிக்கும். அந்த எண்ணைப் படிக்காமல் பாகம் மாற்றுவது வீண்.

அளவே சாட்சி

ரிங் தேய்ந்ததா இல்லையா என்பதை எஞ்சினைத் திறக்காமலே ஓரளவு அறிய முடியும். பிளக்கைக் கழற்றி, அதன் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, த்ராட்டலை முழுதும் திறந்து, முள் ஏறுவது நிற்கும் வரை கிக் செய்ய வேண்டும். கிடைக்கும் எண்ணை அந்த மாடலின் பழுதுபார்ப்புக் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும்.

அளவு குறைவாக இருந்தால் அடுத்த படி உண்டு. பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி அளக்க வேண்டும். எண் நன்றாக ஏறினால், எண்ணெய் ரிங்கின் இடைவெளியை அடைத்திருக்கிறது. ஆகவே குறை ரிங்கிலோ பிளாக்கிலோ இருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வையோ கேஸ்கெட்டையோ பார்க்க வேண்டும். சில நிமிட வேலைதான். சில நூறு வெள்ளி செலவைத் தீர்மானிக்கும் வேலையும் இதுதான். வால்வு சீல் கெட்டிருந்தால் அழுத்தம் சரியாகவே இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். புகையும் வருகிறது, அழுத்தமும் சரி என்றால், பிளாக் போர் அடிக்க அவசரப்பட வேண்டியதில்லை.

எனவே எஞ்சினைத் திறக்கச் சம்மதிக்கும் முன் மெக்கானிக்கிடம் மரியாதையாகக் கேட்க வேண்டிய கேள்வி இது: "அண்ணே, எதைச் சோதிச்சுப் பார்த்து இதைச் சொல்றீங்க?" சோதனைக்குத் தனிக் கூலி கேட்டால் கொடுத்துவிடுவது லாபம். எண்ணைக் காட்டி விளக்கும் கடையை விட்டுவிடக் கூடாது. கேள்விக்கே கோபம் வந்தால், வண்டியைத் திறக்க விடாமல் வேறொரு கடையில் கருத்துக் கேட்பது நல்லது. புது வண்டி என்றால், உத்தரவாதக் காலம் முடியும் முன் அங்கீகாரம் பெறாத கடையில் எஞ்சினைத் திறந்தால் உத்தரவாதமே போகக்கூடும்.

ஒப்படைக்கும் போதே செய்ய வேண்டியவை

வண்டியின் குறையை நம் சொற்களில் எழுதி, கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வைக்கலாம். "காலையில் கிளப்பும்போது நீலப் புகை, பத்து நிமிடத்தில் நிற்கிறது" என்பது போல. கடை சொன்ன காரணத்தையும் உத்தேசச் செலவையும் எழுத்தில் பெற வேண்டும். கூடுதல் வேலை வந்தால் கேட்டுவிட்டுச் செய்யும்படி சொல்ல வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரும்படி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஓடிய கிலோமீட்டர் தெரியும்படி மீட்டரைப் படம் எடுத்துக்கொள்ளலாம். ரசீதில் 'எஞ்சின் ரிப்பேர்' என்ற ஒற்றை வரி போதாது. பாகம், கூலி என்று பிரித்து எழுதச் சொல்ல வேண்டும்.

தவறு என்று தெரிந்த பிறகு

பலர் கோபத்தில் நேராக இரண்டாவது கடைக்குப் போய் எஞ்சினைத் திறந்துவிடுகிறார்கள். இது பெரிய இழப்பு. பிறகு முதல் கடை, "அவர்கள் திறந்ததால்தான் கெட்டது" என்று சொல்ல வழி பிறக்கிறது. முதலில் பழைய கடைக்கே எழுத்தில் தெரிவித்து, சரிசெய்ய நியாயமான கால அவகாசம் கொடுக்க வேண்டும். இரண்டாவது கருத்து தேவையென்றால், திறக்காமல் செய்யக்கூடிய சோதனைகளை மட்டும் செய்து, முடிவை எழுதி வாங்க வேண்டும். திறந்தே ஆக வேண்டிய கட்டம் வந்தால், ஒவ்வொரு படியையும் காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும்.

கட்டணத்தில் தகராறு என்றாலும் வண்டியைக் கடையிலிருந்து வலுக்கட்டாயமாக எடுத்து வரக் கூடாது. உழைப்பும் திறனும் செலுத்தி வேலை செய்தவர், கூலி கிடைக்கும் வரை பொருளைப் பிடித்து வைக்க 1950 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இடமளிக்கிறது. வண்டி அவசரம் என்றால், ரசீதில் 'ஆட்சேபத்துடன் செலுத்தப்பட்டது' என்று எழுதிப் பணத்தைக் கட்டி, வண்டியை எடுத்துக்கொண்டு, பிறகு கோரிக்கை வைக்கலாம்.

சட்டம் என்ன தருகிறது?

1999 ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கும் பொருளுக்கு மட்டுமல்ல, செய்யும் சேவைக்கும் பொருந்தும். அதன் 53 ஆவது பிரிவு, சேவை நியாயமான கவனத்தோடும் திறனோடும் செய்யப்படும் என்பதை உத்தரவாதமாக்குகிறது. எந்த நோக்கத்துக்காகச் சேவை கேட்டோமோ அதற்கு அது பொருந்த வேண்டும் என்பதை 54 ஆவது பிரிவு சொல்கிறது. வாகனப் பட்டறைகள் வாடிக்கையாளருக்கு வெளிப்படுத்த வேண்டிய தகவல்கள் குறித்து 2002 இல் தனி விதிமுறைகளும் வந்தன.

உத்தரவாதம் மீறப்பட்டால், குறையைச் சரிசெய்யும்படி கடையைக் கேட்கலாம். அது மறுத்தாலோ காலம் கடத்தினாலோ, வேறிடத்தில் சரிசெய்து நியாயமான செலவைக் கோரலாம். இங்கே ஒரு வேறுபாடு முக்கியம். கடையின் ஊகம் தவறியது என்பது மட்டும் போதாது. வழக்கமாகச் செய்ய வேண்டிய சோதனையைச் செய்யாமல் வேலையில் இறங்கியது என்று காட்ட வேண்டும். எழுத்தும் பழைய பாகமும் இரண்டாவது கருத்தும் உதவுவது இதற்குத்தான்.

கடையோடு பேசித் தீரவில்லை என்றால் 'திரிபூனல் துந்துத்தான் பெங்குனா மலேசியா' எனும் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். 'போராங் 1' எனும் படிவத்தைப் பூர்த்தி செய்து 5 வெள்ளி கட்டணத்துடன் பதிவு செய்ய வேண்டும். இணையம் வழியும் பதியலாம். 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. பொதுவாக அனுமதியும் இல்லை. எதிர்த்தரப்பாகக் கடையின் பதிவுபெற்ற பெயரையும் முகவரியையும் எழுத வேண்டும் என்பதால், அவை அச்சிட்ட ரசீது இங்கே கைகொடுக்கும். மன்றத்தின் முடிவு மாஜிஸ்திரேட் நீதிமன்ற ஆணைக்குச் சமம். அதற்குக் கட்டுப்படாமல் 14 நாள் கடந்தால் அது குற்றமாகும். புகாராக மட்டும் தெரிவிக்க விரும்புவோர் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் 1-800-886-800 எண்ணை அழைக்கலாம்.

மலாய் மொழியில் படிவம் எழுதத் தயக்கம் உள்ள பெரியவர்கள் தோட்டப்புறங்களில் இன்னும் இருக்கிறார்கள். வீட்டுப் பிள்ளைகளோ பக்கத்து வீட்டு இளைஞர்களோ ஒரு மணி நேரம் ஒதுக்கினால் அந்தப் படிவம் முடிந்துவிடும். நடந்ததைத் தேதி வாரியாக ஒரு பக்கத்தில் எழுதி, ரசீதுகளையும் படங்களையும் அதே வரிசையில் இணைத்தால் போதும்.

பெரும்பாலான தகராறுகள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நல்ல மெக்கானிக்குக்கும் இந்த முறை பாதுகாப்புதான்: சோதித்து எழுதிக் கொடுத்தவர் மீது வீண் பழி சுமத்த முடியாது. அடுத்த முறை "எஞ்சின் திறக்கணும்" என்ற சொல் காதில் விழும்போது, புதுப் பாகத்தின் விலையைக் கேட்பதற்கு முன் அழுத்தமானி காட்டிய எண்ணைக் கேளுங்கள். அதற்கான கூலியையும் தயங்காமல் கொடுங்கள்.