கருவின் வாயிலைத் திறப்பது எது?

மணமாகி ஈராண்டு நிறைவதற்குள், "வீட்டில் விசேஷம் ஏதும் உண்டா?" என்னும் கேள்வி ஊரிலிருந்து வரத் தொடங்கிவிடுகிறது. பிழைப்பை நாடி ஆயிரம் கல் தொலைவில் நாம் குடியேறியிருந்தாலும், அக்கேள்வி வழிதவறாது நம்மை வந்தடைகிறது. பெரும்பாலும் அது மருமகளை நோக்கியே எழுப்பப்படுகிறது. 'மலடி' என்னும் கொடுஞ்சொல் நம்மிடையே வழங்கும் அளவிற்கு 'மலடன்' என்னும் சொல் வழங்குவதில்லை. இயற்கையும் இவ்வாறு ஒருபால் கோடித் தீர்ப்புரைக்கிறதா? உயிர் அரும்பும் முதற்கணத்தை ஆராய்ந்த விஞ்ஞானிகள் கண்ட உண்மை வேறு. அதனை ஒரு சிறு பொருளின் வரலாற்றைக் கொண்டு விளக்கலாம். அப்பொருளின் பெயர் அக்ரோசின்.

மனித முட்டையின் குறுக்களவு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்; ஊசியால் குத்திய புள்ளியளவு எனலாம். அதனைச் சுற்றிலும், சர்க்கரை இணைந்த புரதங்களால் நெய்யப்பட்ட தெளிந்த உறை ஒன்று கோட்டை மதில்போல் அமைந்துள்ளது. மதிலுக்குப் புறத்தே, பிசுபிசுப்பான பொருளில் பதிந்த சிற்றணுக்களின் திரள் சூழ்ந்து நிற்கிறது. இவ்விரண்டையும் கடந்தாலன்றி விந்தணு முட்டையை எய்த இயலாது. புறப்படுவன பல கோடி. முட்டையின் அருகே சென்று சேர்வன மிகச் சில.

விந்தணுவின் தலைமீது குல்லாய் கவிழ்த்தாற்போல் ஒரு நுண்பை உள்ளது. அதனை அக்ரோசோம் என்பர். அப்பையில் பலவகை நொதிகள் அடங்கியுள்ளன. அவற்றுள் புரதத்தைத் துண்டிக்கும் நொதியே அக்ரோசின். நாம் உண்ணும் பருப்பிலும் பாலிலும் உள்ள புரதத்தைக் குடலில் வெட்டிச் செரிக்கச் செய்யும் டிரிப்சினுக்கு இது நெருங்கிய உறவு. பையினுள் இருக்கும்வரை இது உறையிலிட்ட வாள்போல் செயலற்றுக் கிடக்கும். பை திறந்த பின்னரே கூர்மை பெறும். அவ்வாறு பை திறப்பதற்கும் விந்தணு முன்னதாகப் பெண்ணின் உடலினுள் சில மணி நேரம் தங்கிப் பக்குவமடைதல் வேண்டும். இவ்வுண்மையை 1951 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சாங் என்பவரும், ஆஸ்திரேலியாவில் ஆஸ்டின் என்பவரும் தனித்தனியே கண்டறிந்தனர்.

புரதத்தாலான மதில், புரதத்தை வெட்டும் வாள். இரண்டையும் ஒருங்கே கண்டோர், மதிலைத் துளைப்பது இவ்வாளே என்று முடிவு கட்டியதில் வியப்பில்லை. பாட நூல்களும் பல்லாண்டுகள் அவ்வாறே கற்பித்தன.

ஆயின், 1994 ஆம் ஆண்டில் இம்முடிவு ஆட்டங்கண்டது. ஜப்பானில் டாடாஷி பாபாவும் அவர்தம் குழுவினரும், அக்ரோசினை உண்டாக்கும் மரபணுவைச் செயலிழக்கச் செய்த சுண்டெலிகளை உருவாக்கினர். அவை குட்டி ஈனா என்றே எவரும் எதிர்பார்த்திருப்பர். நடந்ததோ வேறு. அக்ரோசின் அறவே இல்லாத ஆண் சுண்டெலிகளும் தந்தையாயின! அவற்றின் விந்தணுக்கள் உறையைக் கடக்க அரைமணி நேரம் போலத் தாமதித்தன, அவ்வளவே. உறையைத் திறப்பது நொதியன்று, வாலின் வேகமான உந்துதலே என்ற கருத்து வலுப்பெற்றது. அக்ரோசினை ஒத்த பிற நொதிகள் அதன் பணியை ஏற்றுக்கொள்ளக்கூடும் என்று கருதினோரும் உண்டு.

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் முதுமொழி. ஆனால் பானைகள் இரண்டானால், ஒன்றின் சோறு மற்றொன்றிற்குப் பதம் ஆகுமா? சுண்டெலி ஒரு பானை. பிற பாலூட்டிகள் வேறு பானைகள்.

2020 ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வுக் குழு ஒன்று இதனை மெய்ப்பித்தது. பாபாவும் அக்குழுவில் ஒருவர். இம்முறை அவர்கள் எடுத்துக்கொண்டது சிரியா நாட்டு ஹாம்ஸ்டர் என்னும் எலியினம். அதன் அக்ரோசின் மரபணுவை நீக்கினர். அவ்வாண் விலங்குகள் முற்றிலும் மலடாயின. அவற்றின் விந்தணுக்கள் கருக்குழாயில் முறையாக மேலேறின, முட்டையைச் சென்றடைந்தன, உறையிலும் ஒட்டிக்கொண்டன. ஆனால் ஒன்றேனும் உள்ளே நுழையவில்லை. பின்னர் ஆய்வுக்கூடத்தில் முட்டையின் உறையை அகற்றிவிட்டு, அதே விந்தணுக்களை விட்டுப் பார்த்தனர். எல்லா முட்டைகளும் கருவுற்றன! குறை நடையிலும் இல்லை, முட்டையிலும் இல்லை. வாயிலைத் திறக்கும் வாள் ஒன்றே இல்லை என்பது இதனால் ஐயமற விளங்கிற்று.

மனிதன் எப்பானையைச் சேர்ந்தவன்? 2023 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று விடை தந்தது. மரபணுக் குறையால் அக்ரோசின் அற்ற ஆடவரின் விந்தணுக்கள் முட்டையின் உறையைத் துளைக்க இயலாது நின்றுவிடுகின்றன என்று அது காட்டிற்று. இவ்வகையில் நாம் ஹாம்ஸ்டரையே ஒத்திருக்கிறோம்.

முட்டையும் வாளா இருப்பதில்லை என்பதை ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். ஒரு விந்தணு உட்புகுந்ததும், முட்டை தன்பங்கிற்கு ஒவஸ்டாசின் என்னும் புரதம் வெட்டும் நொதியை வெளிவிடுகிறது. அது உறையிலுள்ள ஒரு புரதத்தைத் துண்டிப்பதால், பிற விந்தணுக்கள் அதன்பின் ஒட்ட இயலாது போகிறது. வாயிலைத் திறக்கவும் ஒரு வாள். தாழிடவும் ஒரு வாள். ஆணும் பெண்ணும் சரிபாதி உழைத்தே ஓர் உயிரை உருவாக்குகின்றனர்.

இனி, தொடங்கிய இடத்திற்கு வருவோம். விந்தணுக்களை எண்ணிப் பார்ப்பதாலும், அவை நீந்துவதைக் கண்ணால் காண்பதாலும் மட்டும் அக்ரோசினின் குறை புலப்படாது. எனவே, "ஆணின் சோதனை நன்றாகவே உள்ளது" என்று ஒரு தாளைக் காட்டி, எஞ்சிய பழி முழுவதையும் பெண்ணின் தலையில் ஏற்றுதல் அறியாமையாகும். இத்தகைய குறைக்கு வழியும் உண்டு. ஒற்றை விந்தணுவை நுண்ணூசியால் முட்டையினுள் நேரே செலுத்தும் முறையின் வெற்றியை 1992 ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டு பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள் உலகிற்கு அறிவித்தனர். ஊசியே மதிலைக் கடந்துவிடுவதால், அங்கு வாளுக்கு வேலையில்லை. இம்முறை இன்று நம் நாட்டு நகரங்களிலும் கையாளப்படுகிறது.

குழந்தைப் பேறு தாமதிக்கும் இல்லங்களில் கணவனும் மனைவியும் ஒருங்கே மருத்துவரை அணுகுதல் வேண்டும். காணவும் இயலாத ஒரு நொதியின் குறைக்கு, கண்ணெதிரே நிற்கும் மருமகளைக் குற்றவாளியாக்குதல் தகாது. அடுத்த முறை ஊரிலிருந்து அக்கேள்வி வரும்போது, மனைவியை முன்னிறுத்தாது கணவரே விடையிறுப்பாராக.