காற்றை வெட்டி ஓடிய சின்னக் கார்கள்

கச்சான் காலத்தில் புல்மோட்டையிலிருந்து பதவியா பக்கம் மோட்டார் சைக்கிள் ஓடுபவர்களுக்கு எதிர்க்காற்றைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குனிந்து, முழங்கையை ஒடுக்கி ஓடினால் அதே எஞ்சினில் இன்னும் கொஞ்சம் வேகம் கிடைக்கும். சிறிய எஞ்சின் பூட்டிய பழைய பந்தயக் கார்கள் உலக சாதனை படைத்ததும் இந்த வித்தையால்தான்.

வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதை வெல்ல எட்டு மடங்கு சக்தி வேண்டும். எஞ்சினைப் பெரிதாக்கித் தப்பவும் முடியாது. சாதனைகள் எஞ்சினின் கொள்ளளவின்படி, 750 சிசி, 1100 சிசி, 1500 சிசி என வகுப்பு வகுப்பாகவே பதியப்பட்டன. ஆகவே காரின் உடலைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

முதல் உலகப் போரில் கால் ஊனமுற்ற பந்தய ஓட்டுநர் கோல்டி கார்ட்னர் 1939 மே 31 அன்று ஜெர்மனியின் டெசாவ் நெடுஞ்சாலையில் 1100 சிசி எம்ஜி காரில் மணிக்கு 327 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டினார். உடலை வடிவமைத்தவர் ரீட் ரெயில்டன். அத்தோடு அவர்கள் ஊர் திரும்பவில்லை. எஞ்சினைக் காரிலிருந்து கழற்றாமலே சிலிண்டர்களைக் குடைந்து சற்றுப் பெரிதாக்கினார்கள். அதே காரை அடுத்த வகுப்பில் இறக்கி, ஜூன் 2இல் அந்தச் சாதனையையும் எடுத்துக்கொண்டார்கள். மூன்று மாதத்தில் போர் மூண்டது.

ஆனாலும் இந்தக் கலையின் உச்சம் என்று நான் சொல்வது 1957இல் சிட் எனெவர் உருவாக்கிய எம்ஜி இஎக்ஸ்181. 'உறுமும் மழைத்துளி' என்பது அதன் செல்லப்பெயர். மூக்கு உருண்டை, வால் ஒடுக்கம். மழுங்கிய பின்புறம் கொண்ட வாகனத்தின் பின்னால் காற்று கலைந்து சுழலும். அங்கே அழுத்தம் குறைந்து வண்டியைப் பின்னோக்கி இழுக்கும். மெல்லக் குறுகும் வால் அந்தச் சுழலுக்கு இடம் வைக்காது. அதற்காகவே பின்சக்கரங்களை முன்சக்கரங்களைவிட நெருக்கமாக வைத்தார்கள், எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் தள்ளினார்கள், ஓட்டுநரை ஏறக்குறைய மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். பிரேக் ஒன்றே ஒன்று, அதுவும் பின்னால்.

1957 ஆகஸ்ட் 23 அன்று அமெரிக்காவின் பொனவில் உப்புவெளியில் ஸ்டேர்லிங் மொஸ் இதை மணிக்கு 395 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டினார். வெறும் 1500 சிசி எஞ்சின், சுமார் 290 குதிரை வலு! ஒரு கிலோமீற்றரை 9 விநாடிகளில் கடக்கும் வேகம் அது. 1959இல் எஞ்சினைச் சிறிது பெரிதாக்கி, பில் ஹில் 410 கிலோமீற்றரை எட்டினார். இரண்டு ஆண்டு கழித்து ஃபோர்முலா 1 உலகச் சம்பியனானவரும் இவரே. போகும் திசையிலும் திரும்பும் திசையிலும் ஒரு மணி நேரத்துக்குள் ஓடி, இரண்டின் சராசரியைத்தான் சாதனையாக ஏற்பார்கள். காற்று முதுகில் தள்ளியதால் கிடைக்கும் வேகம் கணக்கில் சேரக் கூடாது என்பதற்காக.

நம் கடற்கரையில் இப்படி ஓட முடியாதா என்று கேட்கலாம். வேல்ஸின் பெண்டைன் மணலிலும் அமெரிக்காவின் டேடோனாவிலும் ஓடினார்களே! பெண்டைனில் கடல் பல மீற்றர் ஏறி இறங்கும். வற்றும்போது நனைந்து இறுகிய மணல் கிலோமீற்றர் கணக்கில் நீண்டு, அகலமாய் வெளிப்படும். இலங்கையைச் சுற்றி அந்த ஏற்ற இறக்கம் ஒரு மீற்றர்கூட இல்லை. இல்மனைற் கனிமம் கலந்த நம் கறுத்த மணல் உலகச் சந்தையில் விலைபோகும், சக்கரத்துக்கு உதவாது. அப்படியானால் விமான ஓடுபாதை? சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுபாதையில் பல்லாண்டு கார்ப் பந்தயங்கள் நடந்தன. பந்தயத்துக்கு அது போதும். 400 கிலோமீற்றர் வேகத்தைப் பிடித்து, மீண்டும் நிறுத்தவோ பல கிலோமீற்றர் நேர்தரை வேண்டும்.

இஎக்ஸ்181 இங்கிலாந்தின் கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது. அந்தப் பக்கம் பிள்ளைகளிடம் போகிறவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். மூக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பின்னால் போய் வாலைப் பாருங்கள்.