திருக்கைக்கும் ஒரு தாய்மை உண்டு

குருவிட்டவிலிருந்து கடல் தூரம்தான். ஆனாலும் அது எக்காலத்திலும் இங்கே வந்துகொண்டுதான் இருக்கிறது. 30,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்த, இங்குள்ள பட்டதொம்பலெனக் குகையை அகழ்ந்தபோது கடற்சிப்பிகள் கிடைத்தன. இன்று தோட்டத்து வீடுகளுக்குக் கடல் கருவாடாக வருகிறது, திருக்கைக் கருவாடும் அதில் சேரும். டொல்பினையோ கற்பிட்டியில் படகேறிப் போய்ப் பார்த்து மகிழ்கிறோம். காக்க வேண்டிய உயிர் என்று ஒன்றையும் வெறும் கறி என்று மற்றதையும் பிரித்துவைத்த இந்தக் கணக்கு சரிதானா?

உடலமைப்பில் இரண்டும் வெகுதூரம். டொல்பின் மீனே அல்ல. நிலத்தில் நடந்த பாலூட்டிகளின் வழிவந்ததால், தலையுச்சித் துளையால் மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தே ஆகவேண்டும். இரையை எதிரொலியால் அறியும். திருக்கை சுறாவுக்கு உறவு. அதன் எலும்புக்கூடு முழுவதும் குருத்தெலும்பு. மணலில் புதைந்து கிடக்கும்போது கண்ணுக்குப் பின்னாலுள்ள துளைகளால் நீரை இழுத்துச் செவுளுக்கு அனுப்பும். கண் மேலே, வாய் கீழே என்பதால் வாயருகே வரும் நண்டை அதனால் பார்க்க முடியாது. மணத்தாலும், உயிர்களின் உடலில் எழும் நுண்ணிய மின்துடிப்பாலும் கண்டுபிடிக்கும். ஆனால் குட்டி ஈனுவதில் இவை வியக்கத்தக்க அளவுக்கு நெருங்கி வருகின்றன. டொல்பின் ஏறத்தாழ ஓராண்டு சுமந்து ஒரு குட்டி ஈனும். முள்வால் திருக்கைகளும் முட்டையிடாமல் குட்டியே ஈனும். மஞ்சள் கரு தீர்ந்ததும் கருப்பைச் சுவரில் சுரக்கும் கொழுப்பு நிறைந்த பால்போன்ற நீரே வயிற்றிலுள்ள குட்டிக்கு உணவு. சாளையும் சூரையும் ஆயிரமாயிரமாய் முட்டையிட, திருக்கை ஈனுவது ஒன்றோ சிலவோதான். பிடித்ததை ஈடுசெய்ய அதற்கு நெடுங்காலம் வேண்டும். சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழியும் ஆபத்தில் இருப்பதாக 2021இல் வெளியான உலக மதிப்பீடு சொன்னது. அளவுமீறிய மீன்பிடியே அதற்குத் தலையாய காரணம்.

டொல்பின் அறிவுள்ளது, திருக்கை ஆளைக் கொல்லும் என்பார்கள். தொலைக்காட்சியில் காட்டுயிர்களைக் காட்டிவந்த ஸ்டீவ் இர்வின் 2006இல் திருக்கை முள் குத்தி இறந்தது உண்மை. ஆனால் அத்தகைய மரணம் மிக அரிது. மிதிபட்டாலோ மடக்கப்பட்டாலோ தன்னைக் காக்கவே அது முள்ளை வீசுகிறது. ஓர் உயிருக்குக் காவல் தேவையா என்பதை அறிவைக்கொண்டு அளப்பதைவிட, அது எவ்வளவு மெதுவாகப் பெருகுகிறது என்று பார்ப்பதே நியாயம். மீனவர் பிழைப்பு என்னாகும் என்பதுதான் கனமான கேள்வி. திருக்கை அற்றுப்போனால் முதலில் இழப்பவர் அவர்களே. அடுத்து, கருவாட்டை நம்பிச் சமைக்கும் நம் வீடுகள். டொல்பினை நம் நாட்டுச் சட்டம் காக்கிறது. வலையில் உயிரோடு அகப்படும் சினைத் திருக்கையையும் குட்டிகளையும் திரும்பக் கடலில் விடும் வழக்கத்தை, கடற்றொழில் அதிகாரிகள் மீனவர் சங்கங்களோடு பேசி ஊர் ஊராக உறுதிப்படுத்த வேண்டும்.