பைலட் ரெடி... விமானம் எங்கே? 42 இருக்க வேண்டிய இடத்தில் 29!

கேளம்பாக்கம், திருப்போரூர் பக்கம் இருப்பவர்களுக்குத் தலைக்கு மேல் பறக்கும் பயிற்சி விமானங்கள் புதிதல்ல. 2025 நவம்பர் 14 அன்று பிற்பகலில் அப்படி ஒன்று திருப்போரூர் அருகே விழுந்து நொறுங்கியபோதுதான் எல்லோருடைய கவனமும் அந்தப் பக்கம் திரும்பியது. நல்லவேளை, பைலட் பாராசூட்டில் குதித்துத் தப்பிவிட்டார்.

விமானம் கிளம்பிய இடம், தாம்பரம் விமானப்படைத் தளம். பைலட்டுகளுக்குக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களைத் தயார் செய்யும் பள்ளி அங்கேதான் இருக்கிறது. அந்த ஆசிரியர்களிடம் படித்து வரும் இளைஞர்களில் பலருக்குப் போர் விமானம்தான் கனவு. பிரச்னையே, ஓட்டுவதற்குப் போதுமான போர் விமானங்கள் இல்லை என்பதுதான்.

2025 செப்டம்பர் 26-ல் சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு விடை கொடுத்தார்கள். 1963-ல் வந்தவை. 62 வருட உழைப்பு! அதோடு நம் போர் விமான ஸ்குவாட்ரன்களின் எண்ணிக்கை 29 ஆகிவிட்டது. அரசே அனுமதித்திருக்கும் எண்ணிக்கை 42. ஒரு ஸ்குவாட்ரனுக்குக் குறைந்தது 16 விமானங்கள் என்று கணக்கிட்டாலும், 200-க்கும் மேல் பற்றாக்குறை.

மிக்-21 ஒருநாள் ஓய்வுபெறும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியமா என்ன? மாற்றாக உள்நாட்டிலேயே இலகு ரகப் போர் விமானம் செய்ய 1983-லேயே அனுமதி கிடைத்தது. அதுதான் தேஜஸ். முதல் மாதிரி பறந்தது 2001-ல். விமானப்படையில் சேர்ந்தது 2016-ல். வெளிநாட்டில் வாங்கும் முயற்சியும் இழுத்துக்கொண்டே போனது. 126 விமானங்களுக்கு 2007-ல் டெண்டர் விட்டார்கள். 2012-ல் ரஃபேலைத் தேர்வு செய்தார்கள். பேச்சுவார்த்தை முடியாமல், கடைசியில் வாங்கியது 36 மட்டுமே.

2024 அக்டோபரில் மெரினாவில் லட்சக்கணக்கானோர் கைதட்டி ரசித்த தேஜஸுக்கு இன்னொரு கதையும் உண்டு.

அதன் இன்ஜின், அமெரிக்காவின் ஜி.இ நிறுவனத்துடையது. 65 இன்ஜின்களை அனுப்பி முடித்த அந்த நிறுவனம், 2016-க்குப் பிறகு புதிய ஆர்டர் வராததால் அந்தத் தயாரிப்புப் பிரிவையே மூடிவிட்டது. இத்தனைக்கும், இன்னும் 83 தேஜஸ் வாங்கலாம் என்று 2016 நவம்பரிலேயே டெல்லியில் ஒப்புதல் கொடுத்திருந்தார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்தானது 2021 பிப்ரவரியில்! அதன் பிறகு 99 இன்ஜின்கள் கேட்டபோது, மூடிய பிரிவைத் திறந்து, உதிரிபாகம் தரும் நிறுவனங்களை மறுபடி தேடிப்பிடித்து எல்லாவற்றையும் புதிதாக ஆரம்பிக்க வேண்டியிருந்தது. முதல் இன்ஜின் வந்தது 2025 மார்ச்சில். 83-ல் முதல் விமானமே 2024 மார்ச்சில் வந்திருக்க வேண்டும். மிக்-21 விடைபெற்ற நாள் வரை ஒன்றுகூட வரவில்லை.

விமானப்படைத் தளபதி ஏ.பி.சிங், பெங்களூரு விமானக் கண்காட்சியில் ஹெச்.ஏ.எல் அதிகாரிகளிடம் அதிருப்தியைக் கொட்டிய வீடியோ பரவியது இதனால்தான். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், கையெழுத்துக்காகக் காத்திருந்த அந்த நான்கு வருடங்களுக்கு ஹெச்.ஏ.எல் மட்டும் எப்படிப் பொறுப்பாகும்?

மிக்-21 விடைபெறுவதற்கு முந்தைய நாள், மேலும் 97 தேஜஸ் விமானங்களுக்கு 62,370 கோடி ரூபாயில் ஒப்பந்தம் போட்டார்கள். அவை 2027-28-ல்தான் வரத் தொடங்கும். முழுதாக வந்துசேர ஆறு ஆண்டுகள்.

அதற்குள் அடுத்த வரிசை தயார். மிராஜ் 1985-ல் வந்தது. ஜாகுவார் 1979-ல். உலகில் இன்னமும் ஜாகுவார் ஓட்டும் ஒரே விமானப்படை நம்முடையதுதான்.