மாவட்டம் என்றால் எந்த மாவட்டம்?

படுவான்கரைக் கிராமமொன்றில் பெற்றார்களுடன் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தாய் எழுந்து கேட்டார்: "பாதர், கெம்பசுக்கு மாவட்டம் பார்த்துத்தான் பிள்ளைகளை எடுக்கிறாங்களாம். மாவட்டம் எண்டா நாங்க பிறந்த ஊரா, இப்ப இருக்கிற ஊரா?" மூன்று தடவை இடம்பெயர்ந்த குடும்பம் அது. அங்கிருந்த படித்தவர்கள் இருவர் இரண்டு விதமாகப் பதில் சொன்னார்கள். ஆகவேதான் இதைச் சற்று விரிவாக எழுத எண்ணினோம்.

பதில் இதுதான்: பிறந்த ஊருமல்ல, குடியிருக்கும் ஊருமல்ல. க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்களும் பிள்ளை படித்த பாடசாலை எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ, பொதுவாக அதுவே பிள்ளையின் மாவட்டம். உயர்தர வகுப்பு இரண்டு வருடந்தானே என்று சிலர் நினைக்கலாம். மூன்று வருடக் கணக்குக் கிட்டத்தட்ட சாதாரண தரம் எழுதும் காலத்திலேயே தொடங்கிவிடுகிறது.

இந்த மாவட்டக் கணக்கு எங்கிருந்து வந்தது? 1970இல் மருத்துவ பீடத்துக்குத் தமிழ்மொழி மூலம் எழுதியவருக்கு 250 புள்ளிகளும் சிங்களமொழி மூலம் எழுதியவருக்கு 229 புள்ளிகளும் வேண்டும் என்று வைத்தார்கள். அதன் கசப்பு இன்றுவரை ஆறவில்லை. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும் 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. மொழியைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்தது அநீதி. அதில் எமக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால் மாவட்ட ஒதுக்கீட்டை அதே தராசில் வைக்க முடியாது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அதனால் பெரிதும் இழந்தார்கள் என்பது உண்மை. மட்டக்களப்பு, மன்னார் போன்ற இடங்களுக்கு அதனாலேயே கதவு சற்றுத் திறந்தது என்பதும் உண்மை. எங்கள் மேடைகளில் இந்த இரண்டாவது உண்மையைச் சொல்வார் குறைவு.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இப்போது பின்பற்றும் முறையில், மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம், முகாமைத்துவம் போன்ற பெரும்பாலான கற்கைநெறிகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைப்படி நிரப்பப்படுகின்றன. 55 இடங்கள் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைப்படி பகிரப்படுகின்றன. மிகுதி 5 இடங்கள் கல்வி வாய்ப்பில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு உரியவை. மட்டக்களப்பு அவற்றுள் ஒன்று, அம்பாறையும் ஒன்று.

ஒரு கற்கைநெறிக்கு 1000 இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். மாவட்டங்களுக்கு 550. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் ஏறத்தாழ 2 கோடி 3 இலட்சம் பேர், எமது மாவட்டத்தில் ஏறத்தாழ 5 இலட்சத்து 26 ஆயிரம் பேர். அந்தக் கணக்கில் 550இல் எமக்கு வருவது சுமார் 14. பின்தங்கிய மாவட்டப் பங்கில் இன்னும் சுமார் 3 சேரும். கடைசி இடத்தைப் பெற்ற பிள்ளையின் புள்ளியே மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி. அது மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடுவது இதனால்தான்.

அந்தப் புள்ளியும் விடைத்தாளில் இட்ட புள்ளியல்ல. 2001ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து 'இசட்' புள்ளி பார்க்கிறார்கள். வேளாண்மைக்காரருக்கு இது விளங்காத காரியமல்ல. நல்ல தண்ணீர் பாயும் வட்டையில் ஒருவர் ஏக்கருக்கு 30 மூடை எடுத்தார், மானாவாரி வட்டையில் இன்னொருவர் 20 எடுத்தார் என்றால், அந்தந்த வட்டையில் மற்றவர்கள் எவ்வளவு எடுத்தார்கள் என்று கேட்காமல் யார் கெட்டிக்காரர் என்று சொல்ல முடியுமா? பாடங்களுக்கும் அப்படித்தான். ஒரு பாடத்தில் சராசரி 50, புள்ளிகள் சராசரியிலிருந்து விலகும் அளவு 10 என்றால், 70 எடுத்த பிள்ளையின் இசட் புள்ளி 2. இன்னொரு பாடத்தில் சராசரி 60, விலகல் 20 என்றால், 80 எடுத்த பிள்ளைக்கு 1தான். மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளைக் கூட்டி மூன்றால் பிரிக்கிறார்கள். ஒரே தடவையில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்து, பொது வினாத்தாளில் 30 புள்ளியும் எடுத்திருக்கவேண்டும் என்பது தனி நிபந்தனை.

இனி எமது மனதை உறுத்தும் விடயத்துக்கு வருவோம். இந்தக் கணக்கு மாவட்டத்தைப் பார்க்கிறது, பாடசாலையைப் பார்ப்பதில்லை. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், ஆய்வுகூடமும் பாடத்துக்கோர் ஆசிரியரும் உள்ள பட்டணத்துப் பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்கும், மேற்கே இரசாயனவியல் ஆசிரியரின் முகத்தைக் காணாத பிள்ளைக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் பிரயாணம் இலகுவானது. ஆனாலும் விடியமுன் வீட்டைவிட்டுப் புறப்பட்டு ரியூசனும் முடித்து இருட்டில் திரும்பும் பிள்ளைக்குப் பாலம் மட்டும் போதாது.

இதைவிடக் கடுமையானது கலைப்பிரிவின் நிலை. விஞ்ஞானப் பிரிவு இருப்பது 1ஏபி தரப் பாடசாலைகளில் மட்டுமே. 1சி பாடசாலையில் கலையும் வர்த்தகமுந்தான். எங்கள் கிராமத்துப் பிள்ளைகள் பலர் கலை எடுப்பது விருப்பத்தினால் அல்ல, வேறு வகுப்பு இல்லாததனால். ஆனால் கலைப்பீடத்துக்கு மாவட்டப் பங்கு கிடையாது. முழுவதும் அகில இலங்கைத் திறமை வரிசை. வாய்ப்பு மிகக் குறைந்த பிள்ளைக்கே மாவட்டத்தின் கைகொடுப்பும் இல்லாமற் போகிறது. சாதாரண தரம் முடிந்ததும் எந்தப் பிரிவு, எந்தப் பாடசாலை என்று பெற்றார் அவசரப்படாமல் விசாரிக்கவேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதற்காகவே.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இன்னொன்று. பெரியகல்லாற்றைத் தாண்டித் தெற்கே பெரியநீலாவணைக்குப் போனால் அது அம்பாறை மாவட்டம். உறவினர் வீட்டுக்குப் போன நினைப்புத்தான் எமக்கு இருக்கும். பிள்ளையின் பாடசாலையோ மாவட்டம் மாறிவிட்டது. மூன்று வருடத்துக்குள் இரண்டு மாவட்டங்களில் படித்திருந்தால், எங்கே எத்தனை காலம் என்பதை விண்ணப்பத்தில் காட்டவேண்டி வரும். ஆகவே ஒவ்வொரு பாடசாலையிலிருந்து விலகும்போதும் விடுகைப் பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். அனுமதி இலக்கமும் சேர்ந்த, விலகிய திகதிகளும் அதில் சரியாக இருக்கின்றனவா என்று அந்த இடத்திலேயே பாருங்கள். பிறப்புச் சான்றிதழுடன் சேர்த்துப் பொலித்தீனில் சுற்றி வையுங்கள்.

கேள்வி கேட்ட தாயின் மகன் இப்போது பதினோராம் வகுப்பு. அவனுடைய இரண்டு பழைய பாடசாலைகளில் ஒன்றின் விடுகைப் பத்திரம் அவரிடம் இல்லை. அதைப் பெறுவதற்கு அந்தப் பாடசாலை அதிபரிடம் அவரோடு நாமும் போகிறோம்.