படுக்கையில் இருப்பவர் பணம் எடுப்பது எங்ஙனம்?

ஜெயங்கொண்டத்துத் தறிக்காரரும் பெரம்பலூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயம் பயிரிடுவோரும் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நோயில் விழுந்தால் சேமிப்புக் கணக்கிலுள்ள பணத்தை யார் போய் எடுப்பது?"

நியாயமான கேள்வியே. கையொப்பம் மாறினால் வங்கி பணம் தர மறுக்கும். அது நம் காசுக்குக் காவல். ஆயினும் கை முடங்கியோருக்கு ரிசர்வ் வங்கி தனி வழி வகுத்துள்ளது. அவர் பணம் எடுக்கும் படிவத்தில் கைவிரல் ரேகையோ கால்விரல் ரேகையோ வைக்கலாம். வங்கி அறிந்த, சார்பற்ற சாட்சிகள் இருவர் அதனை உறுதி செய்ய வேண்டும். இருவரில் ஒருவர் வங்கியின் பொறுப்புள்ள அலுவலராக இருத்தல் அவசியம். ரேகை வைக்கவும் நேரில் வரவும் இயலாதவர் ஒரு குறி இட்டாலே போதும். சாட்சி விதி அதற்கும் உண்டு. பணத்தைப் பெற்றுவருபவர் இன்னார் எனக் கணக்குடையவர் தெரிவிக்க, அவரையும் இருவர் அடையாளம் காட்டுவர். அவர் தம் கையொப்பத்தை வங்கிக்குத் தரவேண்டும்.

இவ்வளவு இருக்க, ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண்ணையும் அண்டை வீட்டாரிடம் கொடுத்தனுப்புவதை நாம் ஒருபோதும் ஒப்போம்.

இரு மாவட்டங்களுக்கும் பொதுவான திருச்சிராப்பள்ளி மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி போன்றவற்றுக்கே இவ்விதிகள். சங்கத்திலேயே இட்ட வைப்புக்குச் சங்கத்தின் துணைவிதிகளைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. கணக்குடையவர் இரண்டாண்டுகளுக்கு மேல் போடாமலும் எடுக்காமலும் விட்ட கணக்கு செயலற்றதாகும். வங்கி வட்டி வரவு வைப்பது இதற்குக் கணக்கில்லை. எனினும் பணம் போய்விடாது. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி அதனை மீண்டும் இயக்கக் கட்டணம் கிடையாது. பத்தாண்டு கடந்து ரிசர்வ் வங்கியின் நிதிக்குச் சென்ற தொகையையும் நம் வங்கியிடமே கேட்டுப் பெறலாம்.