மறைத்து ஆடும் ஆட்டம்

களனி ஆறு கடலோடு கலக்கும் இடத்துக்கு முகத்துவாரம் என்று பெயரிட்டவர்கள் பொருளறிந்தே இட்டனர். கொழும்பின் வட எல்லையிலுள்ள அப்பகுதியில் மாலை வேளையில் நடந்து செல்வோர், ஒழுங்கைகளிலும் கடற்கரையை அண்டிய வெளிகளிலும் சிறுவர் டெனிஸ் பந்து கொண்டு துடுப்பாட்டம் ஆடுவதையும், வெறுங்காலோடு உதைபந்து உதைப்பதையும் காணலாம். தமிழும் சிங்களமும் அங்கே ஒரே மூச்சில் கலந்து ஒலிக்கும். கொட்டாஞ்சேனைப் பக்கமாகச் சிறிது தூரம் சென்றால் சுகததாச விளையாட்டரங்கு; மாளிகாவத்தைப் புறத்திலே ஆர். பிரேமதாச விளையாட்டரங்கு. ஒழுங்கையில் ஆடும் பிள்ளை, ஒரு நாள் நாட்டின் சீருடை அணிந்து அவ்வரங்குகளுள் இறங்கவேண்டுமென்று கனவு காண்பது இயல்பே. அவ்வாறு கனவு காண்போருள் ஒரு சிலர், வளரும் பருவத்தில், தம் உள்ளம் எதிர்ப்பாலாரை நாடாது தம் பாலாரையே நாடுவதை உணர்கின்றனர். அன்று முதல் அவர்கள் இரண்டு ஆட்டங்களை ஆடவேண்டியவர் ஆகின்றனர். ஒன்று யாவரும் காண ஆடுவது. மற்றையது எவரும் காணாதிருக்க ஆடுவது.

இவ்வியல்பைத் தன்பாலீர்ப்பு என்பர். அது நோயன்று. உலகச் சுகாதார நிறுவனம் 1990ஆம் ஆண்டு மே மாதத்தில் தன் நோய்ப் பட்டியலிலிருந்து அதனை நீக்கிவிட்டது. எழுதுவினைஞர், வைத்தியர், வணிகர் என எத்தொழிலாரை எடுத்துக்கொண்டாலும் அவருள் இத்தகையோர் சிலர் இருப்பர். விளையாட்டைத் தொழிலாகக் கொண்டோருள் மட்டும் இல்லாதிருக்க நியாயம் இல்லை. இலங்கை வீரர் எவருடைய பெயரும் இங்கே கூறப்படமாட்டாது. அத்தகையோர் இல்லாமையால் அன்று. ஒருவருடைய உள்ளத்தின் செய்தியை வெளியிடும் உரிமை அவருக்கே உரியது என்பது ஒரு காரணம். அதனை வெளியிடுவோரை நம் நாட்டுச் சட்டம் எவ்விதம் நோக்குகிறது என்பது மற்றைய காரணம்.

தொழில்முறை விளையாட்டின் தன்மையை முதலிற் கருதவேண்டும். ஏனைய தொழில்களில் ஒருவர் முப்பது நாற்பது ஆண்டுகள் உழைக்கலாம். விளையாட்டு வீரருக்குக் கிடைப்பதோ பத்து, மிஞ்சினால் பதினைந்து ஆண்டுகள். அக்குறுகிய காலத்திலும் அவருடைய இடம் அவர் கையில் இல்லை. தெரிவுக்குழுவினர் விரும்பவேண்டும், பயிற்சியாளர் நம்பவேண்டும், விளம்பரம் கொடுக்கும் நிறுவனம் தன் பண்டத்தோடு அவர் முகத்தைச் சேர்த்துக் காட்ட இசையவேண்டும், காசு கொடுத்து வந்த சனத்திரள் அவரை ஏற்கவேண்டும். இவர்களுள் ஒருவர் முகஞ்சுளித்தாலும் பிழைப்புக்கு ஊறு. நம் நாட்டில் இதனோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. இங்குள்ள மெய்வல்லுநர்களுள்ளும் றகர் வீரர்களுள்ளும் பலர் முப்படைகளிலோ பொலிசிலோ உத்தியோகம் பெற்று, அவற்றின் கழகங்களுக்காகவே விளையாடுகின்றனர். ஆட்டத்திற் கெட்ட பெயர் வந்தால் உத்தியோகமும், படைவீட்டிற் படுக்கும் கட்டிலுங்கூட ஐயத்துக்கு உள்ளாகிவிடும்.

அணியின் உள்வாழ்வு இதனினும் கடினமானது. உடை மாற்றும் அறையிலும் பிரயாண வண்டியிலும் வீரர் பேசிக்கொள்வதிற் பெரும்பகுதி பகிடியே. பகிடியிற் பெரும்பகுதி பெண்களைப் பற்றியதே. பந்தைத் தவறவிட்டவனையும், அடிபட்டு முகங்கோணியவனையும், ஆண்மையற்றவன் என்னும் பொருள்பட அழைக்கும் வசைச்சொல் ஒன்றுண்டு. அதனை இங்கே எழுதவேண்டியதில்லை; கொழும்பு மைதானங்களில் ஆடுவோர் எம்மொழியினராயினும் அதனை அறிவர். சொல்பவன் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. கேட்டுக்கொண்டு பாதணியின் நாடாவைக் கட்டும் ஒருவன் மட்டும், தன்னைத்தான் சொன்னானோ, தனக்குத் தெரிந்துதான் சொன்னானோ என்று உள்ளூர நடுங்குகிறான். நடுக்கத்தை மறைக்கத் தானும் சேர்ந்து சிரிக்கிறான்.

மொழி ஓரளவு துணைசெய்யும். தமிழில் ‘அவர்’ என்று சொன்னால் ஆணா பெண்ணா என்பது கேட்பவருக்கு விளங்காது. சிங்களப் பேச்சுவழக்கில் ‘எயா’ என்னும் சொல்லும் அத்தகையதே. வெளிநாட்டுப் பயிற்சியாளரோடு ஆங்கிலத்தில் உரையாட நேரும்போதுதான் நாக்கு இடறும். ஆனால் கலியாணப் பேச்சு எழுந்தபின் எந்த மொழியும் துணைவராது. வெள்ளவத்தையிலிருந்து மாமி ஒருவர் சாதகக் குறிப்போடு வந்து, “இந்தச் சுற்றுப்போட்டி முடிஞ்சவுடன் சொல்லு, தம்பி” என்று அமர்ந்துவிட்டால், அடுத்த சுற்றுப்போட்டியைக் காரணங்காட்டி எத்தனை முறைதான் ஒத்திப்போடுவது?

மறைத்தல் என்பது வாளா இருத்தல் அன்று. அது ஓயாத வேலை. யாரிடம் எதைச் சொன்னோம், எந்தப் படத்தில் யாரோடு நின்றோம், தொலைபேசியை எங்கே வைத்தோம் என்று ஒரு கணக்கு மனத்துள் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். வேகப்பந்து வீச்சாளரின் கையைவிட்டுப் பந்து வந்து சேர ஏறத்தாழ அரை விநாடி ஆகும். அவ்வரை விநாடிக்குள் முடிவெடுக்கவேண்டிய மனத்திற் பாதி வேறொரு கணக்கில் ஈடுபட்டிருந்தால் என்ன ஆகும் என்பதை விளையாட்டறிந்தோர் எளிதில் உணர்வர்.

இச்சுமை ஒருவரை எங்கு கொண்டுபோய் விடும் என்பதற்கு இங்கிலாந்தின் உதைபந்தாட்ட வீரர் ஜஸ்ரின் பஷானுவின் வரலாறு சான்று. 1961இற் பிறந்த அவர், நோர்விச் கழகத்துக்காக லீக் ஆட்டங்களில் 35 கோல்கள் அடித்தவர். 1981இல் நொட்டிங்ஹாம் போரஸ்ட் கழகம் பத்து இலட்சம் பவுண் கொடுத்து அவரை வாங்கிற்று. அத்தொகைக்கு விலைபோன முதலாவது கறுப்பின வீரர் அவரே. அங்கே 32 லீக் ஆட்டங்களில் அவர் அடித்தவை மூன்றே கோல்கள். அவருடைய இயல்பு பற்றிய வதந்தி முகாமையாளர் பிரையன் குளோவின் காதுக்கு எட்டியிருந்தது. அவர் வீரரைக் கடிந்துகொண்டதோடு நில்லாது, பயிற்சி மைதானத்துக்கு வரவும் தடைவிதித்தார். பஷானுவின் ஆட்டம் குன்றியதற்கு இதுவே முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது; பின்னாளில் முழங்காற் காயமும் அவரை வருத்திற்று. 1990 ஒக்டோபரில் அவர் பத்திரிகை ஒன்றின் மூலம் தம் உண்மையை வெளியிட்டபோது, கூடப்பிறந்த தம்பியே, அவரும் ஓர் உதைபந்தாட்ட வீரர், பகிரங்கமாக அவரைத் தள்ளிவைத்தார். 1998 மே மாதத்தில், அமெரிக்காவில் தம்மீது எழுந்த குற்றச்சாட்டொன்றை மறுத்து எழுதிவைத்துவிட்டு, பஷானு தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 37.

மறைத்தவர் எல்லோரும் அவ்விதம் முடிந்தாரல்லர். அவுஸ்திரேலிய நீச்சல் வீரர் இயன் தோர்ப் ஐந்து ஒலிம்பிக் தங்கப் பதக்கங்கள் வென்றவர். பதின்ம வயதிலிருந்தே அவரை இக்கேள்வி துரத்திற்று. இல்லை என்றார். 2012இல் வெளிவந்த தம் வரலாற்று நூலிலும் இல்லை என்றே எழுதினார். 2014இலேதான், நீச்சலை விட்டபின், தொலைக்காட்சி நேர்காணலில் ஆம் என்றார். பிள்ளைப் பருவத்தில் அஞ்சிச் சொன்ன ஒரு சொல்லைக் காப்பாற்றுவதற்கு மனிதர் எத்தனை ஆண்டுகள் உழைக்கவேண்டியிருக்கிறது!

துடுப்பாட்டத்தில் மாறான ஒரு நிகழ்வும் உண்டு. சறே கழகத்தின் விக்கெட் காப்பாளர் ஸ்டீவன் டேவிஸ், 2010ஆம் ஆண்டின் அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்கு முன்னரே இங்கிலாந்து அணியின் பயிற்சியாளருக்குத் தம்மைப் பற்றிக் கூறினார், அணியினரும் அறிந்துகொண்டனர். 2011 பெப்ரவரியில் உலகுக்கும் அறிவித்தார். அதனால் ஆட்டம் குலையவில்லை. அவர் அதன்பின் பல்லாண்டுகள் மாகாண அணிகளுக்கு ஆடினார்.

இவையெல்லாம் தூரதேசத்துக் கதைகள் என்று சொல்வோர் அயல்நாடான இந்தியாவை நோக்கலாம். ஒடிசா மாநிலத்தின் யாஜ்பூர் மாவட்டத்தில் சாகா கோபால்பூர் என்னும் சிற்றூர். அங்கே நெசவாளர் குடும்பத்தில் 1996இற் பிறந்தவர் டுட்டீ சந்த். தறியோசை கேட்டு வளர்ந்த அப்பெண், ஓட்டத்தால் வீட்டுக்குச் சோறிட்டவர். 2014இல், உடலில் இயற்கையாகவே ஆண் சுரப்புநீர் மிகுந்துள்ளதெனக் கூறி, கிளாஸ்கோ பொதுநலவாய விளையாட்டு விழாவிலிருந்து அவரை விலக்கினர். அவர் ஒதுங்கிவிடவில்லை. விளையாட்டுக்கான சர்வதேச நடுத்தீர்ப்பு மன்றத்துக்குச் சென்று, 2015 ஜூலையில் அவ்விதியையே இடைநிறுத்தச் செய்தார். தமிழ்நாட்டின் புதுக்கோட்டையைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன், 2006ஆம் ஆண்டு டோகாவில் வென்ற வெள்ளிப் பதக்கத்தைப் பாற்சோதனையால் இழந்தபோது, அவருக்காக வாதாட எவரும் இருக்கவில்லை என்பதையும் இங்கே நினைவுகூரலாம். ஆயினும் உடலின் சுரப்பு வேறு. உள்ளத்தின் ஈர்ப்பு வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது பலரிடம் காணப்படும் மயக்கம்.

2018 ஓகஸ்ட் மாதத்தில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவில் டுட்டீ 100 மீற்றரிலும் 200 மீற்றரிலும் வெள்ளிப் பதக்கங்கள் வென்றார். அவ்விழா முடிந்து சில நாட்களில், செப்டெம்பர் 6ஆம் திகதி, இந்திய உச்ச நீதிமன்றம் வயதுவந்தோர் தம் இசைவோடு கொள்ளும் தன்பால் உறவு குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது. 2019 மே மாதத்தில், தம் ஊரைச் சேர்ந்த பெண்ணொருவரைத் தாம் நேசிப்பதாக டுட்டீ அறிவித்தார். இந்திய விளையாட்டு உலகிற் பெயர்பெற்ற ஒருவர் அவ்வாறு வெளிப்படையாகக் கூறியது அதுவே முதன்முறை. துணையின் பெயரை அவர் சொல்லவில்லை. அந்த அடக்கம் போற்றத்தக்கது.

ஏன் அப்போது சொன்னார்? அறிவிப்பு வெளிவந்த சில நாட்களில் அதற்கு அவரே விடை கூறினார். உடன்பிறந்தார் ஒருவர் பெருந்தொகை கேட்டு, தராவிடின் இரகசியத்தை வெளியிடுவதாக நெருக்கினார் என்றார். வீட்டார் அதனை மறுத்து வேறொரு கதை சொன்னார்கள். எவர் கூற்று மெய்யாயினும், இவ்விடயத்தின் உயிர்நிலை அங்கே வெளிப்படுகிறது. இரகசியம் என்பது கழுத்திற் கிடக்கும் கயிறு. அதன் மறுதலை பிறர் கையில். வெளியே சொல்லிவிட்டால் கயிற்றை இழுப்பதற்கு ஒன்றுமில்லை. தாம் மிரட்டப்பட்டதை அவர் ஊரறியச் சொல்லமுடிந்ததற்கு, எட்டு மாதங்களுக்கு முன் வந்த தீர்ப்பும் துணைநின்றது. 2019 ஜூலையில் நேப்பிள்ஸ் நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டு விழாவில் 100 மீற்றரை 11.32 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். 2021இல் 11.17 விநாடியில் ஓடித் தேசிய சாதனையும் படைத்தார். 2023இல் ஊக்கமருந்துக் குற்றத்துக்காக நான்கு ஆண்டுத் தடைக்கு உள்ளானார் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. ஒன்றில் துணிவுடையவர் எல்லாவற்றிலும் குறையற்றவராக இருக்கவேண்டும் என்ற நியதி இல்லை.

2022 ஜூலையில் பேர்மிங்காம் பொதுநலவாய விளையாட்டு விழாவின் தொடக்க நாளன்று, தன்பால் உறவைக் குற்றமாக்கும் உறுப்பு நாடுகள் இன்னும் பல இருப்பதைச் சுட்டிக்காட்டி, ஆங்கிலேய நீர்ப்பாய்ச்சல் வீரர் டொம் டேலியோடு வானவிற் கொடி ஏந்திச் சென்றோருள் டுட்டீயும் ஒருவர். இலங்கை அணியும் அவ்வரங்கில் அணிவகுத்தது. அவ்வாறு சுட்டப்பட்ட நாடுகளுள் இலங்கையும் ஒன்று.

நம் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் ஆங்கிலேயர் இயற்றியது. அதன் 365ஆம் பிரிவு இயற்கைக்கு மாறானதெனக் கூறும் உறவுக்குப் பத்து ஆண்டு வரையும், 365அ பிரிவு இரண்டு ஆண்டு வரையும் மறியல் விதிக்க இடமளிப்பது. பின்னைய பிரிவு முதலில் ஆண்களை மட்டுமே குறித்தது. 1995இல் திருத்தியவர்கள் அதனை நீக்குவதற்குப் பதிலாகப் பெண்களையும் அதனுள் அடக்கினர். திருத்தத்திலும் இப்படி ஒரு திருத்தம். 2023 மே மாதத்தில், இப்பிரிவுகளைத் தளர்த்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றம் முடிவு கூறியது. ஆனால் 2024இற் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது அச்சட்டமூலம் நிறைவேறாமலே போயிற்று.

இச்சட்டத்தின் கொடுமை சிறைக்கூடத்தில் மட்டும் இல்லை. மிரட்டப்பட்ட ஒருவர் முகத்துவாரப் பொலிஸ் நிலையத்துக்குச் சென்று, “இன்னார் என்னிடம் பணம் பறிக்கிறார்” என்று முறையிட வேண்டுமாயின், முதலில் தம்மையே குற்றவாளி என்று ஒப்புக்கொள்ளவேண்டும். ஆகவே அவர் போகமாட்டார். பறிப்பவருக்கு அது நன்றாகத் தெரியும். பெயர்பெற்ற வீரருக்கு இழப்பதற்குக் கூடுதலாக இருப்பதால், அவரிடம் பறிக்கவும் கூடுதலாக இருக்கிறது.

சட்டம் மாறினால் யாவும் மாறிவிடும் என்றும் எண்ணிவிடலாகாது. பெண்கள் அணிகள் சிலவற்றில் மாற்றம் விரைந்து வந்தது. நியூசிலாந்தின் துடுப்பாட்ட வீராங்கனைகளான அமி சாட்டர்த்வைற், லியா தஹுஹு ஆகிய இருவரும் 2017இல் மணந்துகொண்டு, ஒரே தேசிய அணியில் தொடர்ந்து ஆடினர். ஆண்கள் உதைபந்தாட்டமோ மிக மெல்ல அசைந்தது. இங்கிலாந்தில் 1967இலேயே சட்டம் தளர்த்தப்பட்டது. பஷானு வாய்திறந்தது 23 ஆண்டுகள் கழித்து. ஜேர்மனிக்காக 52 ஆட்டங்கள் ஆடிய தோமஸ் ஹிட்ஸ்ல்ஸ்பேர்கர், இங்கிலாந்துக் கழகங்களிலும் விளையாடியவர். 2014 ஜனவரியில், ஓய்வுபெற்ற பின்னரே தம்மைப் பற்றிக் கூறினார். அந்நாட்டின் தொழில்முறைக் கழகமொன்றில் ஆடிக்கொண்டிருக்கும்போதே பஷானுவுக்கு அடுத்தபடியாக உண்மையைச் சொன்ன ஆண் வீரர், பிளக்பூல் கழகத்தின் ஜேக் டானியல்ஸ். அது 2022 மே மாதம்; அவருக்கு வயது 17. உலகுக்குச் சொல்லுமுன் அவர் தம் தாயிடமும் சகோதரியிடமும் சொன்னார். அதற்கு மறுநாள் அக்றிங்ரன் கழகத்தோடு இளையோர் ஆட்டம் ஒன்று இருந்தது. அவ்வாட்டத்தில் அவர் நான்கு கோல்கள் அடித்தார்.